ஆபுத்திரனின் துயரமும் ஜகாத்தின் எட்டு வகையும்

சமூகப்பணி என்னும் சொல் தமிழில் இன்று இரு வேறு பொருள்களில் வழங்கி வருகிறது. பல்கலைக்கழகங்களில் அது ஒரு பாடம். ஈராண்டு பயின்று பட்டம் பெற்று ஊதியத்துக்குச் செய்யும் தொழில். பள்ளிவாசல் முற்றத்திலும் கோயில் மண்டபத்திலும் தெருமுனையிலும் அது வேறொன்று: ஓய்ந்த வேளையில், கூலி பெறாமல், நன்மையை நாடிச் செய்யும் காரியம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால் விளையும் குழப்பம் சிறிதன்று. நம்மவர் ஆற்றும் உரைகளில் ‘சமூகப்பணிக்கு முன்னோடி இஸ்லாமே’ என்ற கூற்று தவறாமல் இடம்பெறும், ஜகாத் சான்றாகக் காட்டப்படும், அவையும் மகிழும். மறுபுறம், கல்லூரிப் பாடநூல்கள் இலண்டனில் தொடங்கி நியூயார்க் வழியாகப் பம்பாய்க்கு வந்து சேர்கின்றன. கீழை நாடுகளின் மரபுகளுக்கு முன்னுரையில் ஒரு பத்தி ஒதுக்கி நிறைவு கொள்கின்றன. முன்னோடி யார் என்ற இந்த வழக்கில் எனக்கு ஈடுபாடு இல்லை. கொடுப்பவரைப் பற்றியே இரு சாராரும் பேசுகின்றனர். பெறுபவரை அந்தந்தச் சமூகம் யாராகப் பார்த்தது என்பதைக் கேட்டால்தான் வேறுபாடுகள் புலப்படும்.

இக்கேள்வியைக் கேட்பதற்கு மதுரைக்காரர்கள் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. மரபு மதுரைக் கூலவாணிகர் என்று அடையாளம் காட்டும் சீத்தலைச் சாத்தனார், தானிய வணிகத்தை அறிந்தவர் என்பதாலோ என்னவோ, பசியைப் பற்றித் தமிழில் மிக ஆழமாக எழுதியவர். அவரது மணிமேகலையில் ஆபுத்திரன் கதை இரு காதைகளில் விரிகிறது. பெற்றவளால் கைவிடப்பட்டு, வளர்த்த ஊராரால் துரத்தப்பட்டு, அவன் மதுரைக்கு வந்து சிந்தாதேவியின் கோயில் முன்றிலில் தங்குகிறான். கையில் ஓடேந்தி வீடுதோறும் இரந்து, கண்ணற்றோர், செவியற்றோர், முடவர், நோயாளர், ஆதரவற்றோர் அனைவரையும் கூவி அழைத்து உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்து உறங்குகிறான். மழை பொழியும் ஒரு நள்ளிரவில் பசித்த வழிப்போக்கர் வந்து நிற்க, கொடுக்க ஒன்றுமின்றி அவன் தவிக்கும்போது, தேவி அமுதசுரபியைத் தருகிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்.

பள்ளிப் பாடங்கள் கதையை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். என் கருத்தில் கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அறத்தின் பெருமையால் தன் இருக்கை அசைவதைக் கண்ட இந்திரன், முதிய அந்தணனாக வந்து வரம் தர முன்வருகிறான். கொடுப்பதற்கு ஆளில்லாத உங்கள் தேவருலகம் எனக்கெதற்கு என்று நகைத்து மறுத்துவிடுகிறான் ஆபுத்திரன். சினமுற்ற இந்திரன் பழிவாங்கிய முறைதான் வியப்புக்குரியது. அவன் பாத்திரத்தைப் பறிக்கவில்லை; கையை முடக்கவில்லை. பன்னிரண்டாண்டு வறண்டிருந்த பாண்டி நாட்டில் மழையைப் பெய்வித்தான். நிலம் விளைந்தது, பசி நீங்கியது. ஆபுத்திரனைத் தேடி வருவார் இல்லை. பசித்தோர் கூடியிருந்த அம்பலத்தில் வீணர்கள் கூடிச் சூதாடினார்கள். உண்பார் உண்டோ என்று ஊரூராகக் கேட்டுத் திரிந்தவனைக் கண்டு மக்கள் சிரித்தார்கள். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கேட்டதும் அவன் கப்பல் ஏறுகிறான். மணிபல்லவத்தில் இறங்கியவனை மறந்து கப்பல் போய்விட, ஆளற்ற தீவில் கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர்விடுகிறான்.

தன் நாட்டில் பஞ்சம் தீர்ந்ததைக் கேட்டு மகிழ வேண்டியவன் ஏன் துயருற்றான்? சாத்தனார் இவனைக் குறை கூறவில்லை. மறுபிறப்பில் சாவகத்துக்கே அரசனாக்கி உயர்த்துகிறார். ஆயினும் கதையை அமைத்த விதத்தில் ஒரு கூர்மையான ஐயம் ஒளிந்திருக்கிறது. கொடுப்பவனுக்கு வேண்டியது பசியின் முடிவா, பசித்தவனின் வருகையா? பெறுபவன் இல்லாதபோது கொடுப்பவன் எவனாகிறான்? சமூகப்பணி பற்றி உலகில் எத்தனையோ கோட்பாடுகள் எழுதப்பட்டுள்ளன. தன் பணிக்குத் தேவை அற்றுப்போன நாளில் பணியாளனின் மனநிலை என்ன என்று இத்துணை நேராகக் கேட்ட பனுவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

இந்தக் கதையை ஓதும்போதெல்லாம் எனக்கு ஒரு நபிமொழி நினைவுக்கு வரும். விரைந்து தருமம் செய்யுங்கள். ஒரு காலம் வரும், அன்று மனிதன் தன் ஸதகாவைச் சுமந்துகொண்டு அலைவான், பெற்றுக்கொள்வார் எவரையும் காணமாட்டான், நேற்றுக் கொண்டு வந்திருந்தால் வாங்கியிருப்பேன், இன்று எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். மதுரைத் தெருக்களில் ஓடேந்தி அலைந்தவனும் இவனும் ஒரே சாயலில் தெரிகிறார்கள். ஆயினும் நபிமொழியின் அழுத்தம் வேறு. அது தேவையுள்ளோர் அருகிப்போவதைத் துயரமாகச் சொல்லவில்லை. கடமையைத் தள்ளிப்போடுகிறவனின் இழப்பைச் சொல்கிறது.

வரலாற்றுத் துணுக்கு ஒன்றும் உண்டு. கலீஃபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் காலத்தில் ஆப்பிரிக்கப் பகுதிக்கு ஜகாத் திரட்ட அனுப்பப்பட்ட யஹ்யா பின் ஸஈத், திரட்டிய பொருளைப் பெற்றுக்கொள்ள ஏழை ஒருவரையும் காணவில்லை என்றும், அதைக் கொண்டு அடிமைகளை வாங்கி விடுதலை செய்ததாகவும் கூறும் அறிவிப்பு அது. இரண்டரை ஆண்டுகளுக்கும் குறைவான ஓர் ஆட்சியில் வறுமை முற்றிலும் ஒழிந்தது என்று இதைக் கொண்டு நம் பேச்சாளர்கள் முழங்குவது மிகை. ஒரு பகுதியில் ஒரு பருவத்தில் நிகழ்ந்தது அது. நம் கவனத்துக்குரியது, ஏழை கிடைக்காதபோது அந்த அதிகாரி செய்த செயல். அவர் கப்பலேறவில்லை, பாத்திரத்தைப் பொய்கையில் இடவுமில்லை. பட்டியலில் அடுத்த பெயரைப் பார்த்தார்.

அந்தப் பட்டியல் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம். வறியவர், நலிந்தவர், ஜகாத் பணியில் உழைப்போர், உள்ளம் இணக்கப்பட வேண்டியோர், அடிமைத் தளையில் இருப்போர், கடனில் மூழ்கியோர், இறைவழியில் உள்ளோர், வழிப்போக்கர் என எட்டு வகையினர். ஆபுத்திரனுக்குத் தெரிந்த தேவை ஒன்றே: பசி. அது நீங்கியதும் அவன் செயலற்றுப் போனான். பசியாறிய ஊரிலும் அடிமை இருப்பான், கடன்பட்டவன் இருப்பான், ஊர் திரும்ப வழியற்ற பயணி இருப்பான் என்பதை இந்த வசனம் சட்டமாக்கி வைத்தது. இல்லாமைக்குப் பல முகங்கள் என்பதை ஏற்றுக்கொண்ட பட்டியல் இது. நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். சாத்தனாரும் இதை உணராதவர் அல்லர். அதே அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்தபோது, அவள் அதைச் சிறைச்சாலைக்குள் கொண்டு செல்கிறாள். சோழ மன்னனிடம் அவள் கேட்ட வரம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பது. ஆபுத்திரன் ஊட்டினான், மணிமேகலை தளையையும் அவிழ்த்தாள். ஒரு காப்பியத்துக்குள்ளேயே சமூகப்பணியின் கருத்து வளர்வதை இங்கே காணலாம்.

எட்டு வகையினருள் மூன்றாவதாக வரும் ‘ஆமிலீன்’ பற்றி ஓர் இடைக்குறிப்பு. ஜகாத்தைத் திரட்டுவோர், கணக்கிடுவோர், பங்கிடுவோர் ஆகியோருக்கு அந்நிதியிலிருந்தே ஊதியம் தரலாம் என்பது இதன் பொருள். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது என்ன தொண்டு என்று பட்டம் பெற்ற சமூகப்பணியாளரை நம்மில் சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. இறைமறையே ஊதியத்தை ஏற்றிருக்க, அந்த ஏளனத்துக்கு நம்மிடம் ஆதாரம் இல்லை.

மேலை நாட்டில் இப்பணி தொழிலாக உருவான கதையைச் சுருக்கமாகவேனும் அறிய வேண்டும். இங்கிலாந்தில் 1601இல் இயற்றப்பட்ட ஏழையர் சட்டம் வறியோரைக் காக்கும் பொறுப்பைத் திருச்சபை வட்டங்களின் மீது வைத்து, அதற்கு வரி விதிக்கவும் வழி செய்தது. 1834இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, உழைக்க வல்ல ஏழைக்கு உதவி வேண்டுமானால் பணிவிடுதிக்குள் வரவேண்டும், அங்குள்ள நிலை வெளியிலுள்ள மிகத் தாழ்ந்த கூலியாளின் நிலையைவிட ஈர்ப்பற்றதாக இருக்க வேண்டும் என்பது கொள்கையாயிற்று. 1869இல் இலண்டனில் தோன்றிய தரும ஒழுங்கமைப்புச் சங்கம், தகுதியுள்ள ஏழை யார், தகுதியற்ற ஏழை யார் என்று வீடு வீடாகச் சென்று விசாரித்தது. அந்த விசாரணையைக் கலையாகவும் முறையாகவும் வளர்த்தவர் அமெரிக்காவின் மேரி ரிச்மண்ட். 1917இல் வெளிவந்த அவரது நூல் சமூக நோயறிதல் என்றே பெயர் பெற்றது. இதற்கு எதிர்நிலையில் ஜேன் ஆடம்ஸ் 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் இல்லத்தை நிறுவி, ஏழைகள் வாழும் தெருவிலேயே குடியேறி வாழ்ந்தார். இந்தியாவில் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையால் தொடங்கப்பட்டது; சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கினார். மதுரைக்கும் அத்தகைய கல்வி நிறுவனம் வந்து சேர்ந்தது.

விசாரித்துக் கொடுப்பது தன்னளவில் பிழையன்று. அபூதாவூதில் வரும் ஒரு செய்தியில், யாசிக்க வந்த அன்சாரித் தோழரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் வினவினார்கள். ஒரு விரிப்பும் ஒரு குவளையும் இருந்தன. அவற்றை ஏலமிட்டு இரண்டு திர்ஹமுக்கு விற்று, ஒன்றில் குடும்பத்துக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் செய்து, அதற்குத் தம் கையாலேயே பிடி பொருத்திக் கொடுத்து, பதினைந்து நாள் விறகு வெட்டி விற்றுவிட்டு வருமாறு அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹங்களுடன் திரும்பினார். இதன் அறிவிப்புத் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பொருளில் இது மற்ற நபிமொழிகளோடு இசைகிறது. இங்கும் விசாரணை நடந்தது, உடைமை கணக்கெடுக்கப்பட்டது, கெடுவும் விதிக்கப்பட்டது. பாடநூல்கள் சொல்லும் படிநிலைகள் அனைத்தும் இதில் உள. ஒரு வேறுபாடு: இலண்டன் சங்கத்தின் விசாரணை, மறுப்பதற்கான காரணத்தையும் சேர்த்தே தேடியது. கோடரிக்குப் பிடி போட்ட விசாரணையில் மறுப்புக்கு இடமில்லை.

அந்த மேலைக் கொள்கை நம் மண்ணில் இறங்கியபோது நிகழ்ந்ததைத் தமிழ்நாடு மறக்கலாகாது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் வாயில் வழங்கும் 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில், சென்னை மாகாண நிவாரணச் செலவைக் குறைக்க வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் 1877 தொடக்கத்தில் ஒரு கூலி அளவை வகுத்தார். நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். இன்றைய அளவில் ஏறத்தாழ 450 கிராம். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இவ்வளவில் மனிதன் உழைத்து உயிர் தரிக்க முடியாது என்று வாதாடினார். பின்னர் அளவு உயர்த்தப்பட்டது, அதற்குள் பலர் மாண்டனர். தகுதியற்றவன் ஒருவன் உணவு பெற்றுவிடக் கூடாதே என்ற அச்சம், தகுதியுள்ள பல்லாயிரவரைப் பலிகொண்ட வரலாறு இது. இதை அன்றைய அரசு கொடுமை என்று கருதவில்லை. நிவாரணம் என்றே பெயரிட்டது.

இதைச் சொல்லும்போது, நம்முடைய ஆட்சியாளர்கள் எப்படி நடந்தார்கள் என்று எவரேனும் கேட்டால் மௌனம் காப்பது முறையன்று. டமாஸ்கஸில் தாம் கண்ட வக்ஃபுகளைப் பற்றி இப்னு பதூதா எழுதிய பகுதி புகழ்பெற்றது: எசமானின் பீங்கான் தட்டை உடைத்துவிட்டு அழுது நின்ற சிறு பணியாளனை, பாத்திரங்களுக்கென்றே ஏற்படுத்தப்பட்ட வக்ஃபுக்கு அழைத்துச் செல்ல, உடைந்ததற்கு விலை கிடைக்கிறது, சிறுவன் அடியிலிருந்தும் ஏச்சிலிருந்தும் தப்புகிறான். இதே பயணி 1340களில் மதுரைக்கும் வந்தார். இங்கே அவர் எழுதி வைத்தது, சுல்தான் கியாதுத்தீன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமை, பிறகு நகரைப் பீடித்த கொள்ளை நோய், நோயுற்றோர் இரண்டு மூன்று நாள்களில் மடிந்தது ஆகியவை. பெயர் முஸ்லிம் பெயர் என்பதால் ஆட்சி இஸ்லாமிய அறமாகிவிடாது என்பதை நம் பயணியே சாட்சி சொல்லிவிட்டுப் போனார்.

இனி நம் காலத்து மதுரை. 1976இல், அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 58 வயதில், டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையில் முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகியவர். அரவிந்தரின் ஆன்மிகத்தில் ஈடுபாடு கொண்டவர். 2006இல் அவர் மறைந்தபோது அவ்வமைப்பு தேனி, திருநெல்வேலி எனத் தமிழகத்தின் பல ஊர்களுக்குப் பரவியிருந்தது. இதன் வெற்றியை மேலாண்மைப் பள்ளிகள் செலவுக் கணக்காகப் படிக்கின்றன. நான் பார்ப்பது வேறொன்றை. அங்கே இலவசமாகச் சிகிச்சை பெற வருபவரிடம் வருமானச் சான்று கேட்பதில்லை. கட்டணப் பிரிவுக்குப் போவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை வருபவரே முடிவு செய்கிறார். கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் மற்றவரின் சிகிச்சையும் நடக்கிறது. இரு பிரிவிலும் அதே மருத்துவர்கள் மாறி மாறிப் பணிபுரிகின்றனர். தகுதியற்றவர் சிலர் இலவசத்தில் நுழைந்துவிடலாம். நுழையட்டும் என்று அந்த ஏற்பாடு விட்டுவிட்டது. டெம்பிளின் ஒரு பவுண்டுக் கணக்குக்கு நேரெதிரான முடிவு இது.

மற்றொரு பாடமும் அங்கே உண்டு. கிராமங்களில் முகாமிட்டு அறுவைச் சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் தொடக்கக் காலத்தில் கண்புரையாளர் பலர் வரவில்லை. காரணம் தேடியபோது, பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, சாப்பாடு, அச்சம் ஆகியவை தெரிய வந்தன. இலவசம் என்று நாம் சொல்வது ஏழைக்கு இலவசமாக இருப்பதில்லை. அதன் பிறகு போக்குவரத்தும் உணவும் தங்குமிடமும் சேர்த்து அளிக்கப்பட்டன. 1992இல் ஆரோலேப் என்ற உற்பத்திக்கூடம் தொடங்கிக் கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை மதுரையிலேயே செய்தனர். வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஏழைக்கு எட்டாதிருந்த வில்லையின் விலை பன்மடங்கு வீழ்ந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லையா என்றால், உண்டு: இலவசப் பிரிவில் பாயும் கட்டணப் பிரிவில் கட்டிலுமாக வேறுபாடு நிற்கிறது. மருத்துவத் தரம் ஒன்றுதான் என்பது உண்மை. ஆயினும், பாயில் படுத்திருப்பவர் தம் இடத்தை ஒவ்வோர் இரவும் அறிந்துகொண்டேதான் இருப்பார்.

கொடுப்பவரே இல்லாத பணி ஒன்றும் இந்தச் சமவெளியிலிருந்து எழுந்தது. அழகர்கோயில் சாலையை ஒட்டிய புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை, எழுதப் படிக்க அறியாத விவசாயக் கூலி. களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களின் தலைவியாக வளர்ந்தார். 2001இல் புதுதில்லியில் ஸ்த்ரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் கால்களைத் தொட்டதை நாடு பார்த்தது. 2019இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. இங்கே ஏழைப் பெண்கள் தம் பணத்தைத் தாமே சேர்த்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொண்டனர். கந்துவட்டிக்காரனின் வாசலிலிருந்து அவர்களை மீட்டது இந்த ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது. அதே வேளை, குழுவுக்குள்ளும் வட்டி இருந்தது என்பதை அரபிக் கல்லூரியில் ஃபிக்ஹ் கற்பிக்கும் ஒருவன் சொல்லாமல் விட முடியாது. குழுவின் வட்டி குழுவுக்கே திரும்புகிறது என்ற விளக்கம் பொருளாதாரத்தில் சரியாக இருக்கலாம். மார்க்கச் சட்டத்தில் தடையை நீக்காது.

ஆனால் அடுத்த கேள்வி நம்மை நோக்கி வருகிறது. வட்டி ஹராம் என்று மிம்பரிலிருந்து சொல்லிவிட்டு இறங்குகிறோம். இறைமறை பகரா அத்தியாயத்தில் கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கவும், தள்ளுபடி செய்வது மேலும் சிறந்தது எனவும் பணிக்கிறது. ஜகாத்தின் எட்டில் ஒன்றாகக் கடனாளியை வைக்கிறது. நம் மஹல்லாக்களில் கர்ளன் ஹஸனா நிதி எத்தனை இடத்தில் முறையாக நடக்கிறது? கிடைக்கும் இடத்தில் நகையை அடகு கேட்கிறார்கள். நகை உள்ளவருக்கு வங்கியும் கொடுக்கும். வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது அந்தப் பெண் யாரிடம் போவாள்? 2010இல் ஆந்திராவில் நுண்கடன் வசூலின் நெருக்குதலால் தற்கொலைகள் பெருகி அரசு தலையிட நேர்ந்தது. 2025இல் தமிழக அரசும் வற்புறுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. சட்டம் வந்தது நல்லதே. அந்த வாசலுக்கு நாம் போய்ச் சேரவில்லை.

நாம் போய்ச் சேரும் இடங்கள் வேறு. ரமளானின் கடைசிப் பத்தில் சில செல்வந்தர் இல்லங்களின் முன் புர்கா அணிந்த பெண்கள் காலை முதல் வரிசையில் நிற்பதைக் கண்டவர்கள் அறிவார்கள். சேலை ஒன்று, சில்லறைத் தாள் ஒன்று. இது ஜகாத் என்ற பெயரில் நடக்கிறது. வரிசை என்பது நம் சமூகத்துக்கு மட்டும் உரிய நோயன்று. 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் தைப்பூசத்தையொட்டித் தனியார் ஒருவர் வழங்கவிருந்த இலவச வேட்டி சேலைக்கான டோக்கன் நெரிசலில் நான்கு பெண்கள் உயிரிழந்தனர். ஒரு சேலைக்காக. கொடுப்பவரின் வாசலில் கூட்டம் தெரிய வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால் அந்தச் சேலைகள் அவரவர் வீட்டுக்கே போயிருக்கும். இப்போது இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது: அரிசிப் பையின் ஒரு முனையை ஐவர் பிடித்திருக்க, மறுமுனையில் ஒரு மூதாட்டி படமெடுக்கப்படுகிறார். வலக்கரம் கொடுப்பதை இடக்கரம் அறியாதபடி கொடுத்தவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டு என்ற நபிமொழியை ஓதிவிட்டே அந்தக் கூட்டம் தொடங்கியிருக்கும். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டியுள்ளது என்பது அமைப்பினர் சொல்லும் சமாதானம். கணக்குக்கு ரசீது போதும்; மூதாட்டியின் முகம் எதற்கு?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஜகாத்தின் அந்தரங்கங்களைப் பேசும் பகுதியில் இந்த நோயின் வேரைத் தொடுகிறார். கொடுப்பவன் தன்னை உபகாரி என்று கருதுவதே சொல்லிக்காட்டலின் வேர். உண்மையில் உபகாரி பெறுபவரே, ஏனெனில் இறைவனின் உரிமையை அவர் பெற்றுக்கொண்டு இவனைத் தூய்மைப்படுத்துகிறார் என்பது அவர் வாதம். முன்னோரில் சிலர் பொருளைத் தம் விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டுவார்களாம், வறியவர் எடுக்கும்போது அவர் கரம் மேலே இருக்கட்டும் என்று. மேற்கை கீழ்க்கையைவிடச் சிறந்தது என்ற நபிமொழியை அறிந்தவர்கள், அந்த மேன்மையையும் சேர்த்தே கொடுத்துவிட முயன்றார்கள். சமூகப்பணிக் கல்வியில் பெறுபவரைக் குறிக்க முதலில் வழக்குரைஞரின் கட்சிக்காரருக்கு வழங்கும் ஆங்கிலச் சொல் வந்தது; நம் அரசாணைகளில் ‘பயனாளி’ என்றாயிற்று. கஸ்ஸாலியின் கணக்கில் பயனாளி யார் என்பது அப்படியே மாறிவிடுகிறது.

ஸதகா என்ற சொல் ‘ஸித்க்’ என்னும் வாய்மையோடு ஒரே வேரிலிருந்து பிறந்தது. மிஸ்கீன் என்பதன் வேர் அசைவற்றிருத்தல். வறுமை அவரை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டது. இச்சொற்களை நினைக்கும்போது, 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் நாகையையும் கடலூரையும் தாக்கிய நாள்களில் கடலோர ஜமாஅத்துகள் நடந்துகொண்ட முறை நினைவுக்கு வருகிறது. பரங்கிப்பேட்டையில் மீனவ மக்களுக்கு ஜமாஅத்தார் உணவும் தங்குமிடமும் தந்தனர். இறந்தோரை எடுத்து அடக்கம் செய்தனர். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் இறந்தோரின் உடலைத் தொட உறவினரும் அஞ்சியபோது, முஸ்லிம் இளைஞர்கள் பலர் மதம் பாராமல் அவரவர் வழக்கப்படி நல்லடக்கமும் தகனமும் செய்து வைத்தனர். பிணத்துக்குக் கொடுப்பவர் என்றும் பெறுபவர் என்றும் இல்லை. நன்றி சொல்ல அங்கே வாய் இல்லை. தஹ்ர் அத்தியாயம் விதந்து பேசும் நன்றி எதிர்பாராக் கொடை இதைவிடத் தூய்மையாக எங்கே நிகழும்? பேரிடரில் இத்துணை அழகாக இயங்கும் அதே சமூகம், ஆண்டின் மற்ற நாள்களில் வரிசைக்கும் படத்துக்கும் திரும்பிவிடுவது ஆய்வுக்குரியது.

சமூகப்பணியாளர்களின் உலக அமைப்பு 2014இல் மெல்போர்னில் வகுத்துக்கொண்ட வரையறையில், மனித உரிமை, சமூக நீதி ஆகியவற்றுடன் அந்தந்த மண்ணுக்குரிய அறிவையும் அடித்தளமாக ஏற்றுக்கொண்டது. நல்ல மாற்றம். ஆனால் மண்ணின் அறிவு என்று எதைக் கொண்டுபோய் நாம் கொடுப்போம்? மேலாண்மை இல்லாமல் கிடக்கும் வக்ஃப் சொத்துகளையா? கைபர் நிலத்தை ஹளரத் உமர் (ரலி) வக்ஃப் செய்தபோது, மூலம் விற்கப்படாமல் விளைச்சல் மட்டும் ஏழை, உறவினர், அடிமை, வழிப்போக்கர், விருந்தினர் ஆகியோருக்குச் செல்ல வேண்டும் என்று வகை பிரித்தார்கள். மதுரையில் வக்ஃப் கடைகளின் வாடகை, பக்கத்துக் கடையின் வாடகையில் எத்தனையில் ஒரு பங்கு என்பதை அறிந்தவர் அறிவர். 1954, 1995, 2025 என்று சட்டங்கள் மாறி மாறி வந்தன. 2025 திருத்தத்தை எதிர்க்க நமக்கு வலுவான நியாயங்கள் உண்டு. முத்தவல்லியின் குறிப்பேட்டைத் திறந்து காட்டுவதற்கு எந்தச் சட்டத்தின் வருகைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

பயனுள்ள ஒப்பீடாக ஜப்பானைச் சொல்லலாம். அங்கே 1917இல் ஒகயாமாவிலும் அடுத்த ஆண்டு ஓசகாவிலும் தோன்றிய ஓர் ஏற்பாடு இன்று ‘மின்செய் இயின்’ என்ற பெயரில் நாடு முழுதும் உள்ளது. அந்தந்தத் தெருவில் வசிக்கும் ஒருவரை அரசு மூன்றாண்டுக்கு நியமிக்கிறது. ஊதியம் இல்லை. தனித்து வாழும் முதியவர் யார், எந்த வீட்டில் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அறிந்து, உரிய அலுவலகத்தோடு இணைப்பது அவர் வேலை. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி இயங்குகின்றனர். கேட்டு வருபவருக்குக் கொடுப்பதோடு நில்லாமல், கேட்காதவரைக் கண்டறியும் வேலை. இதற்கு இறைமறையில் ஒரு பெயர் உண்டு: மஹ்ரூம். செல்வரின் பொருளில் கேட்பவருக்கும் மஹ்ரூமுக்கும் தெரிந்த பங்கு உண்டு என்று மஆரிஜ் அத்தியாயம் சொல்கிறது. விரிவுரையாளர்கள் மஹ்ரூம் என்பதற்குத் தந்த விளக்கங்களுள் ஒன்று, மானத்தால் கேட்காதிருப்பதால் வசதி உள்ளவர் என்று கருதப்பட்டுக் கிடைக்காமலே போனவர் என்பது. பகராவின் 273ஆம் வசனமும் இத்தகையோரைப் பேசுகிறது. அறியாதவன் அவர்களைச் செல்வர் என எண்ணுவான், முகக்குறியால் நீர் அறிந்துகொள்வீர் என்ற பொருளில்.

முகக்குறியை அறிய முகத்தருகே வாழ வேண்டும். ஜப்பானியர் இதற்கு அரசாணை போட வேண்டியிருந்தது. நம்மிடம் மஹல்லா என்ற அமைப்பு பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு வீடும் ஜமாஅத்தின் பதிவேட்டில் உள்ளது. அண்மையில் மதுரைக்கு வெளியே ஒரு ஜமாஅத்தின் பதிவேட்டைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. குடும்பத் தலைவர் பெயர், தலைக்கட்டு எண், திருமணம், மவுத்து, சந்தா பாக்கி என்று கட்டங்கள் நேர்த்தியாக இருந்தன. சந்தா பாக்கி உள்ளவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடிட்டிருந்தார்கள். சில வீடுகளுக்கு அந்தக் கோடு நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்தது. ஏன் என்று குறிப்பதற்கு அதில் கட்டம் இல்லை.